ஃபிரீமேசன் சடங்கு வாசகங்களை எழுதியது யார்?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2024

கல்தச்சர் மரபைத் தன் அடையாளமாகக் கொண்ட சகோதரச் சங்கமான ஃபிரீமேசன்களின் சடங்கு வாசகங்களுக்கு ஆசிரியர் என்று யாரையாவது சொல்ல முடியுமா? சாலொமோன் ஆலயம் கட்டிய காலத்திலிருந்தே அவை வாய்வழியாக வருகின்றன என்று சிலர் கூறுகின்றனர். 1717-இல் லண்டனில் சில கனவான்கள் கூடி எழுதியவை என்று வேறு சிலர் கூறுகின்றனர். எது சரி என்று ஒரே வரியில் சொல்லுங்கள்.

10 ஜனவரி, காலை

இரண்டும் தவறு, இரண்டாவது சற்றுக் குறைந்த தவறு.

10 ஜனவரி, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தால் திமிராகத் தொனிக்கிறது. விரித்து எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் பிறந்தது திருவல்லிக்கேணி நடைபாதையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய ஒரு புத்தகத்தால். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, நீலத் துணிக்கட்டு. உள்ளே பக்கம் பக்கமாக ஒற்றை ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் இருந்ததால், தந்தி அலுவலகத்தின் சங்கேதப் புத்தகம் என்றே நினைத்து வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தபோதுதான் அது ஒரு நாடகப் பிரதியைப் போலக் கேள்வியும் பதிலுமாக நடப்பதும், யார் எப்போது எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்புகள் இடையிடையே வருவதும் தெரிந்தன. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. விடுபட்ட சொற்களை யாரோ பென்சிலால் நிரப்பியிருந்தார்.

அதைப் படித்தபோது எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் நினைவுக்கு வந்தார். மாலை வேளைகளில் மொட்டை மாடியில் நடந்தபடி எதையோ முணுமுணுப்பார். நாங்கள் சந்தியாவந்தனம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் மாதம் ஒருமுறை கோட்டு அணிந்து 'லாட்ஜுக்கு'ப் போகிறார் என்று கேள்விப்பட்ட என் அம்மா, வீட்டில் ஏதோ மனத்தாங்கல் போலிருக்கிறது, பாவம், வெளியே அறை எடுத்துத் தங்குகிறார் என்று வெகுகாலம் பரிதாபப்பட்டார். மேசன்கள் கூடும் சபைக்கும் லாட்ஜ் என்றே பெயர் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து நான் கேட்டபோது பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் தம்பி, அதுதான் கணக்கு."

வாசகரின் கேள்விக்கு விடை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. எழுதக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு மனப்பாடமாகக் கைமாற்றிய ஒன்றுக்கு ஆசிரியரைத் தேடினால், அகப்படுபவர்கள் பெரும்பாலும் சத்தியத்தை மீறியவர்களே.

14 ஜனவரி

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். கல்தச்சர்களின் பழைய கட்டளை நூல்கள் வேறு, சடங்கு வாசகங்கள் வேறு. இணையத்தில் 'மிகப் பழைய மேசனிய நூல்' என்று காட்டப்படும் ரீஜியஸ் கவிதை முதல் வகையைச் சேர்ந்தது. 794 அடிகள், ஈரடி எதுகையில் அமைந்த இடைக்கால ஆங்கிலம். காலம் ஏறத்தாழ 1400-ஐ ஒட்டியது. அரச நூலகத்தில் கிடந்த அந்தச் சுவடியை 1734-இல் அட்டவணைப்படுத்தியவர் 'ஒழுக்கக் கடமைகள் பற்றிய கவிதை' என்று குறித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அது கல்தச்சர்களைப் பற்றியது என்று கண்டு 1840-இல் அச்சிட்டவர் ஜேம்ஸ் ஹாலிவெல். அவர் மேசன் அல்லர்.

அந்தக் கவிதையின் கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. யூக்ளிட் எகிப்தில் கட்டடக் கலை கற்பித்த கதை, ஏதெல்ஸ்டன் அரசன் கூட்டிய சபை, பதினைந்து விதிகள், மேலும் பதினைந்து நெறிகள் எல்லாம் முடிந்த பிறகு, கோயிலுக்குள் எப்படி நுழைய வேண்டும், பெரியவர்களோடு உண்ணும்போது மூக்கை எப்படிச் சிந்தக்கூடாது என்பது வரை அறிவுரை வருகிறது. கல் வேலைக்கும் மூக்குச் சளிக்கும் என்ன தொடர்பு என்று திகைக்க வேண்டாம்: ஒரு பகுதி ஜான் மிர்க் என்ற குரு பங்குக் குருக்களுக்காக எழுதிய செய்யுள் கையேட்டிலிருந்தும், மற்றொரு பகுதி பிள்ளைகளுக்கு நாகரிகம் கற்பிக்கும் ஒரு செய்யுளிலிருந்தும் எடுத்து ஒட்டப்பட்டவை. ஆக, இருப்பதில் பழையதே ஒரு தொகுப்பு. அதற்கும் ஒற்றை ஆசிரியர் கிடையாது.

15 ஜனவரி

ஒருவர் மடக்கியிருக்கிறார்: ரீஜியஸ் கவிதையின் இறுதியில் 'சோ மோட் இட் பீ' என்று வருகிறது, இன்றும் ஒவ்வொரு லாட்ஜிலும் பிரார்த்தனை அதே சொற்களோடு முடிகிறது, இது அறுநூறு ஆண்டு இடையறாத மரபுக்குச் சான்றல்லவா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 'அப்படியே ஆகுக' என்று பொருள்படும் அந்தத் தொடர் அக்காலப் பிரார்த்தனைகளில் பரவலாக வழங்கிய முத்தாய்ப்பு. நம் நூல்கள் பல 'முற்றிற்று' என்று முடிவதால் அவையெல்லாம் ஒரே மடத்திலிருந்து வந்தவை ஆகிவிடா. 'மோட்' என்ற வினை பேச்சில் செத்துப்போன பிறகும் சடங்கில் உயிரோடு இருப்பது மட்டும் உண்மையிலேயே வியப்பானது.

19 ஜனவரி

சடங்கு என்று சொல்லத்தக்க மிகப் பழைய எழுத்துச் சான்று இங்கிலாந்திலிருந்து வரவில்லை, ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. எடின்பரோ பதிவேட்டு மாளிகையில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி 1696 என்று ஆண்டு குறிக்கப்பட்டது. 1930-இல்தான் அது ஆய்வாளர் கண்ணில் பட்டது. மேசன் சொல் பற்றிய சில கேள்விகள் என்பது அதன் தலைப்பு. உறுப்பினரை அடையாளம் காட்டும் இரகசியச் சொல்தான் மேசன் சொல். ஏறக்குறைய இதே வாசகம் 1700-ஐ ஒட்டிய இன்னொரு பிரதியிலும், 1714 வாக்கிலான மற்றொன்றிலும் கிடைக்கிறது. ஆக, மூன்றுக்கும் பின்னால் ஒரு பொதுப் பாடம் இருந்திருக்க வேண்டும் என்பது பதிப்பு வேலை தெரிந்த எவருக்கும் உடனே புலப்படும்.

அதிலிருந்து ஓர் இடம். உண்மையான, முழுமையான லாட்ஜ் எதனால் ஆகிறது என்று கேள்வி. ஏழு மேஸ்திரிகள், ஐந்து பயிலுநர்கள், நாய் குரைப்பதும் சேவல் கூவுவதும் கேட்காதபடி நகரத்திலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவு என்று பதில். ஆயிரம் கோணங்கிச் சேட்டைகளாலும் முகச் சுளிப்புகளாலும் புதியவனை மிரட்டிய பிறகே அவனுக்குச் சொல் தரப்பட வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. பின்னாளில் 'எகிப்திய மறைஞானம்' என்றெல்லாம் வருணிக்கப்பட்ட சடங்கு, வேலைத்தளத்தில் புதுப் பையனைச் சீண்டும் வழக்கத்திலிருந்து அப்போது வெகுதூரம் போயிருக்கவில்லை.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், ஆறாம் ஜேம்ஸ் அரசரின் கட்டட வேலைத் தலைவரான வில்லியம் ஷா 1598-இலும் 1599-இலும் கல்தச்சர்களுக்கு விதிகள் வகுத்தார். இரண்டாவதில், கைவினைஞர்களை 'நினைவுக் கலை'யில் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. எதை நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை அந்த விதி சொல்லவில்லை.

22 ஜனவரி

சடங்கில் வரும், சாலொமோன் ஆலயத்துக் கைவினைஞன் ஈராமின் கதை விவிலியத்தில்தானே இருக்கிறது, பிறகு யார் எழுதினார் என்ற கேள்வி எதற்கு என்று ஒரு குறிப்பு வந்துள்ளது. விவிலியத்தைத் திறந்து பார்க்கலாம். முதலாம் இராஜாக்கள் 7-ஆம் அதிகாரத்தில், நப்தலி கோத்திரத்துக் கைம்பெண்ணின் மகனான ஈராம் தீருவிலிருந்து வருகிறான், வெண்கல வேலை செய்கிறான், யாகீன், போவாஸ் என்ற இரு தூண்களை நிறுத்துகிறான், வேலையை முடிக்கிறான். அவனை யாரும் கொல்லவில்லை. மேசன்கள் ஏறும் மூன்று படிநிலைகளில் மூன்றாம் படியின் சடங்கில் மூன்று கயவர்கள் இரகசியச் சொல்லைக் கேட்டு அவனை அடித்துக் கொல்வதும், புதைத்த உடலைத் தோண்டி எடுப்பதும் முழுக்கப் பிற்சேர்க்கை.

அந்தக் கதை அச்சில் முதலில் வருவது 1730 அக்டோபர் 20 அன்று, சாமுவேல் பிரிச்சர்ட் லண்டனில் வெளியிட்ட 'மேசன்ரி டிசெக்டட்' என்ற சிறு நூலில். ஆகவே கதையை இட்டுக்கட்டியவர் பிரிச்சர்ட் என்று கொள்வதில் தடை இல்லை.

23 ஜனவரி

நேற்றைய கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரவு முழுவதும் உறுத்தியது. முதலில் அச்சிட்டவர் முதலில் எழுதியவர் ஆகமாட்டார்.

1696 பிரதியில், தோழமையின் ஐந்து புள்ளிகள் யாவை என்று ஒரு கேள்வி இருக்கிறது: பாதத்தோடு பாதம், முழங்காலோடு முழங்கால், நெஞ்சோடு நெஞ்சு, கையோடு கை, காதோடு காது. காதோடு காது என்பது சொல்லைக் கிசுகிசுப்பதற்கான நிலை. அங்கே கதை எதுவும் இல்லை, நிலை மட்டும்தான் இருக்கிறது. 1726 ஆண்டிட்ட கிரேயம் பிரதியில் முதன்முதலாக ஒரு பிணம் வருகிறது. அது ஈராமுடையது அன்று, நோவாவுடையது. நோவாவின் மூன்று மகன்கள் தந்தையின் இரகசியத்தைத் தேடிக் கல்லறைக்குப் போகிறார்கள். விரலைப் பற்றினால் விரல் கழன்று வருகிறது, மணிக்கட்டும் அப்படியே. பிறகு பாதத்தோடு பாதம், முழங்காலோடு முழங்கால் வைத்து உடலைத் தூக்குகிறார்கள். நான்கே ஆண்டுகளில் பிரிச்சர்டின் நூலில் நோவா போய் ஈராம் வந்துவிடுகிறார். தூக்கும் முறை மாறவில்லை.

நிலை முதலில், கதை பின்னால். தலபுராணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று: ஊருக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கும், கோயிலில் ஒரு வழக்கமும் இருக்கும், இரண்டுக்கும் காரணம் சொல்ல ஒரு பசுவும் ஒரு முனிவரும் பிற்பாடு வந்து சேர்வார்கள். பிரிச்சர்ட் கதையைப் படைக்கவில்லை. லண்டனில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கதையைப் பிடித்து அச்சில் நிறுத்தினார், அவ்வளவுதான்.

27 ஜனவரி

பிரிச்சர்டின் நூல் அந்த மாதத்திலேயே மறுபதிப்புக் கண்டது. தாம் சொல்வது மெய் என்று நகரசபை அதிகாரி ஒருவர் முன் அவர் பிரமாணமும் செய்தார். லாட்ஜுகளின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜ் அவரைக் கண்டித்தது. ஆனால் விற்ற பிரதிகளை எல்லாம் வாங்கியவர்கள் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள் என்று நான் நம்பவில்லை. நீண்ட கேள்வி பதில்களை நெட்டுருச் செய்ய வேண்டியிருந்த உறுப்பினர்களுக்கு அதைவிட மலிவான கையேடு கிடைத்திருக்காது.

அம்பலம் வாசகத்தையே மாற்றியும் விட்டது. நூலைப் படித்துவிட்டு வேடமிட்டு நுழைபவர்களைத் தடுக்க, 1730-களில் லண்டன் லாட்ஜுகள் முதல் இரண்டு படிகளின் சொற்களை இடம் மாற்றின. அதை மரபுக் கேடு என்று சொன்னவர்கள் 1751-இல் தனிக் கிராண்ட் லாட்ஜ் அமைத்துத் தங்களைப் 'பழையோர்' என்றும் மூத்த அமைப்பினரைப் 'புதியோர்' என்றும் அழைத்தனர். வயதில் இளையவர் பழையோர், மூத்தவர் புதியோர். நம் வடகலை தென்கலை வழக்குகளில் உட்கார்ந்த நீதிபதிகள் இதைக் கேட்டிருந்தால் ஆறுதல் அடைந்திருப்பார்கள்.

2 பிப்ரவரி

மூன்றாம் படியை எழுதியவர் ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியே என்று உறுதியாக ஒரு பதிவு. பிரான்சில் பிறந்த ஹியூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்), ராயல் சொசைட்டி உறுப்பினர், நியூட்டனோடு பணிசெய்தவர், 1719-இல் கிராண்ட் மாஸ்டர், அதாவது கிராண்ட் லாட்ஜின் தலைவர். எழுதியிருக்கக்கூடியவர்தான். எழுதினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் காட்டப்படவில்லை. பெயர் தெரியாத தனிப்பாடல் அகப்பட்டால் ஔவையார் தலையிலும், மருந்துச் சுவடி அகப்பட்டால் அகத்தியர் தலையிலும் ஏற்றுகிறோமே, அதே கை வேலை.

ஏற்றுவதில் நேர்மையான தவறு ஒரு வகை; மோசடி இன்னொரு வகை. 1753-இல் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் ஓர் ஆவணம் வெளியானது: ஆறாம் ஹென்றி அரசரின் கையெழுத்திலிருந்து ஜான் லேலண்ட் படியெடுத்தது, தத்துவஞானி ஜான் லாக் குறிப்புரை எழுதியது என்ற விளம்பரத்தோடு. மேசன் கலையை வெனீசியர்கள் கொண்டுவந்தனர், பீட்டர் கோவர் என்பவர் குரோட்டன் என்ற ஊரில் லாட்ஜ் அமைத்தார் என்று அதில் இருக்கிறது. 'லாக்' விளக்குகிறார்: வெனீசியர் என்றால் பினீசியர், குரோட்டன் என்றால் குரோட்டோனா, பீட்டர் கோவர் என்றால் பிரெஞ்சு உச்சரிப்பில் 'பித்தகோர்', அதாவது பிதாகோரஸ்! புனைந்தவர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். வில்லியம் பிரெஸ்டன் சிரிக்காமல் அதைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அவர் வழியாக அது பல தலைமுறை வாசகர்களை ஏமாற்றியது.

3 பிப்ரவரி

பிரெஸ்டனைக் கேலி செய்து விட்டுவிட்டது நியாயமில்லை. எடின்பரோவில் பிறந்து லண்டன் அச்சகத்தில் வேலை பார்த்த அவர், லாட்ஜுகளில் வழங்கிய விளக்க உரைகளை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்து, ஒப்பிட்டு, செம்மைப்படுத்தி, 1772-இல் 'இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆஃப் மேசன்ரி' என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்காவில் தாமஸ் ஸ்மித் வெப் 1797-இல் வெளியிட்ட கையேடு பெரிதும் அதைத் தழுவியது. அமெரிக்க லாட்ஜுகளின் பேச்சுநடையில் இன்றும் ஓர் அச்சகத் திருத்துநரின் வாக்கிய அமைப்பு ஒளிந்திருக்கிறது. நானும் முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன் என்பதால் இதில் ஒரு சிறு பெருமிதம்.

அமெரிக்க மேசனான ஆல்பர்ட் பைக், 'மாரல்ஸ் அண்ட் டாக்மா' என்ற தம் 1871 நூலின் முன்னுரையில் தம்மைப் பாதி ஆசிரியர், பாதி தொகுப்பாளர் என்று ஒப்புக்கொள்கிறார். இந்த வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் அரிது.

11 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்து, இன்று இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஓதப்படும் வாசகமாவது யாருடையது என்கிறார். அதற்கு மட்டும் ஓரளவு நெருங்கி விடை சொல்லலாம்.

1813 டிசம்பர் 27 அன்று பழையோரும் புதியோரும் இணைந்தனர். இரு தரப்புக் கிராண்ட் மாஸ்டர்களும் அரசரின் மகன்கள், உடன்பிறந்தவர்கள். இரு வழக்குகளையும் ஒன்றாக்க 'சமரச லாட்ஜ்' என்று ஒரு குழு அமைந்தது. அது ஒரு பொதுப் பாடத்தை உருவாக்கி, எழுத்தில் தராமல், லாட்ஜுப் பிரதிநிதிகள் முன் நடித்துக் காட்டியது. 1816 ஜூனில் கிராண்ட் லாட்ஜ் அதைச் சிறு திருத்தங்களோடு ஏற்றது. ஏற்றுக்கொண்ட பாடத்துக்குச் சான்றிதழ் பெற்ற மூலப்பிரதி என்று ஒன்று கிடையாது. பார்த்தவர்கள் ஊருக்குத் திரும்பி நினைவில் நின்றதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடபேதம் வராமல் வேறென்ன வரும்?

1823-இல் தொடங்கிய எமுலேஷன் பயிற்சி லாட்ஜ், ஒரு சொல்லும் பிசகாமல் இதைக் காப்பதே தன் வேலை என்று வகுத்துக்கொண்டது. பிழைதிருத்தம் இன்றி ஒரு சடங்கை முழுதும் நடத்துபவருக்கு அங்கே வெள்ளித் தீப்பெட்டி உறை பரிசு. அந்த அமைப்பு தன் பாடத்தை அதிகாரபூர்வமாக அச்சிட்டது 1969-இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஊர் லாட்ஜுகள் எதைப் பார்த்துப் படித்தன? 1838-இல் ஜார்ஜ் கிளாரெட் என்ற உறுப்பினர் துணிந்து அச்சிட்டதை. அதற்கும் முன்பு, 1825-இல், ரிச்சர்ட் கார்லைல் தம் 'ரிபப்ளிகன்' இதழில் வெளியிட்டதை. கார்லைல் மேசன் அல்லர். மத நிந்தனை வழக்கில் டார்செஸ்டர் சிறையில் இருந்தபடி, இந்தச் சங்கத்தைக் கேலிக்கு உள்ளாக்குவதற்காகவே முழுச் சடங்கையும் வெளியிட்டவர். கேலிக்கு அச்சிட்டதைத் திறந்துவைத்து ஒரு தலைமுறை நெட்டுருச் செய்தது.

12 பிப்ரவரி

நேற்றைய கடைசி வரியில் சற்று மிகை இருக்கிறது. 'ஒரு தலைமுறை' அன்று, சிலர்.

தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதும் உண்டா என்பவருக்கு: ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் மகன் உம்தத்-உல்-உமரா 1775 வாக்கில் திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்க்கப்பட்டார். செய்தி லண்டனை எட்டியதும், கிராண்ட் லாட்ஜ் அவருக்கு வாழ்த்துக் கடிதத்தோடு ஓர் ஏப்ரனும், அழகாகக் கட்டிய சட்ட நூலும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். இதில் கவனிக்க வேண்டியது, அனுப்பியது சட்ட நூலை என்பதுதான். சட்டத்தைக் கப்பலில் ஏற்றலாம். சடங்கு யாரோ ஒருவருடைய தலைக்குள் ஏறித்தான் திருச்சிக்கு வந்திருக்கும்.

18 பிப்ரவரி

கிராண்ட் லாட்ஜ் தொடங்கிய ஆண்டு 1717 என்பதை எவரும் சந்தேகிப்பதில்லை என்று ஒருவர் எழுதியிருப்பதால் இது. அவ்வாண்டு ஜூன் 24 அன்று கூஸ் அண்ட் கிரிடயர்ன் மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் கூடின என்பதற்கு உள்ள ஆதாரம், ஜேம்ஸ் ஆண்டர்சன் இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, தாம் தொகுத்த சங்கச் சட்ட நூலின் 1738 பதிப்பில் எழுதியதே. 1723-இல் வந்த முதல் பதிப்பில் அவரே அதைச் சொல்லவில்லை. வரலாற்றாய்வாளர்களான ஆண்ட்ரூ பிரெஸ்காட்டும் சூசன் மிட்செல் சாமர்ஸும் 2016-இல் இதைச் சுட்டிக்காட்டி, உண்மையான தொடக்கம் 1721 என்று வாதிட்டனர்; வாதம் ஓயவில்லை. அதே 1738 பதிப்பில்தான், 1720-இல் சில உறுப்பினர்கள் அந்நியர் கையில் சிக்கக்கூடாதென்று அரிய கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிட்டார்கள் என்ற வரியும் இருக்கிறது. 'சுவடியைக் கறையான் தின்றுவிட்டது' என்று சொல்லும் மிராசுதாரரைப் பார்த்தவர்கள் அந்த வரியை எப்படிப் படிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

25 பிப்ரவரி

சிறு வயதில் தாத்தா எனக்குப் பின்ன வாய்ப்பாட்டை வாயால் சொல்லிக்கொடுத்தார். பதினாறில் ஒன்றுக்கு 'மாகாணி' என்று பெயர். நான் அதை 'மகாராணி' என்று கேட்டுப் பல மாதம் அப்படியே ஒப்பித்தேன். கணக்கு சரியாகவே வந்ததால் யாரும் திருத்தவில்லை.

இதைச் சொல்லக் காரணம், சத்தியப் பிரமாணத்தில் வரும் 'ஹீல்' என்ற சொல். மறைத்தல், மூடுதல் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். தென்மேற்கு இங்கிலாந்தில் கூரை வேய்பவரை 'ஹெலியர்' என்று அழைத்ததும் இதே வேரிலிருந்துதான். சொல் வழக்கொழிந்த பிறகு, கேட்டவர்கள் தமக்குத் தெரிந்த சொல்லாக அதை எழுதினார்கள். பிரிச்சர்டின் 1730 நூலில் அது 'ஹெயில்' என்று நிற்கிறது: வணங்கி வாழ்த்துவது, அல்லது ஆலங்கட்டி மழை. அவர் காதில் பிழை இல்லை; 'கன்சீல்', 'ரெவீல்' என்ற அடுத்த இரு சொற்களையும் அக்காலத்தில் 'கன்செயில்', 'ரெவெயில்' என்பதை ஒட்டியே ஒலித்தனர், மூன்றும் இயைபாக விழுந்தன. பிழை எழுத்தில்தான்.

இன்று மாலை அந்த நீலப் புத்தகத்தை மீண்டும் எடுத்தேன். பிரமாணப் பகுதியில் அச்சு, ஒரே ஓர் எழுத்தையும் ஒரு கோட்டையும் மட்டும் விட்டிருக்கிறது. அந்தக் கோட்டின் மேல், முன்பு புத்தகத்தை வைத்திருந்தவர் பென்சிலால் 'ஹெயில்' என்று எழுதியிருக்கிறார். பிறகு அதை அடித்துவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே மறுபடியும் 'ஹெயில்' என்றே எழுதியிருக்கிறார், இம்முறை சற்று அழுத்தமாக.